சானல்கரைக்காரியின் கால்

பேயை நம்புகிறாயா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நான் நம்புவது இருக்கட்டும், ஒரு பேயை அது பிறந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும் என்று சொல்வேன். அதைப் பெற்றவர் என் கணவர். பிரசவம் எங்கள் அடுக்களையில், மரச்சீனிக்கிழங்குக்கும் மீன்குழம்புக்கும் நடுவில் சுகமாக நடந்தது. நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் இரணியலுக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு ஊரில் குடியிருந்தோம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒட்டிக்கொண்டு ஒரே ராஜ்யமாக இருந்த காலம். இப்படியே இருப்பதா, சென்னை ராஜ்யத்தோடு போய்ச் சேருவதா என்று தெருமுனையில் ஆண்கள் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். மதராஸிலிருந்து வரும் பகுத்தறிவுப் பத்திரிகைகளை வரவழைத்து, கடவுள் இல்லை, பேய் இல்லை, சகுனம் இல்லை என்று எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். படித்து முடித்ததும் காப்பி கேட்பார். காப்பி தானாக வந்து சேரும் என்பதில் மட்டும் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது ஒரு கருவாட்டு வியாபாரியின் வீடு. அதற்கு அப்பால் சானல். பேச்சிப்பாறைத் தண்ணீர் வயலுக்கு வருகிற வாய்க்காலை எங்கள் பக்கத்தில் சானல் என்றுதான் சொல்வோம். வியாபாரி குளச்சலில் கருவாடு வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, மலையோரச் சந்தைகளுக்குக் கொண்டு போவான். குடிக்க மாட்டான். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் தொட மாட்டான். ஊரில் அவனுக்கு அவ்வளவு நல்ல பெயர். பெண்டாட்டியை அடிப்பதையும் அதே நிதானத்தோடு, சுத்தபத்தமாகத்தான் செய்வான். குழம்பில் மாங்காய் குறைந்தால் அடி, கூடினால் அடி. அதற்கென்றே ஒரு தென்னைமட்டை அவன் வீட்டு அடுக்களை மூலையில் சாத்தியிருக்கும்.

சத்தம் எங்கள் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். தெருவுக்கே கேட்கும். "குடிக்காத மனுசன், காரணம் இல்லாம அடிப்பானா?" என்று பெண்களே சொன்னார்கள். என் கணவர் ஒருமுறை போய்க் கேட்டார். "சாரே, பள்ளிக்கூடத்துல நீங்களும் பிரம்பு வச்சிருக்கிய இல்லியா?" என்று அவன் மிக மரியாதையாகத் திருப்பிக் கேட்டான். இவர் வீட்டுக்கு வந்து பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவன் மனைவி என்னைவிடச் சின்னவள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து மெதுவாக வருவாள். பெண் என்றால் இப்படி அடக்கமாக நடக்க வேண்டும் என்று தெருவிலுள்ள மாமியார்கள் தங்கள் மருமகள்களுக்கு அவளைக் காட்டுவார்கள். ஓட்டமும் நடையுமாகப் போகிற என்னிடமும் காட்டினார்கள். நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மராமத்து இலாகாவிலிருந்து ஒரு ஓவர்சியர் வந்து, நீர்மட்டம் அளக்கிறதற்காகச் சானல்கரையில் செங்கல்லால் ஒரு குறிக்கல் கட்டினார். அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம், இடுப்பளவு உயரம். சுண்ணாம்பு பூசி, சிவப்புச் சாயத்தில் ஏதோ எண் எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் வடக்கே கொச்சிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்களில் மாடனுக்கும் இசக்கிக்கும் பூடம் எப்படிக் கட்டுவோம் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் கட்டுவோம். அதே ஒடுக்கம், அதே சுண்ணாம்பு. சிலையும் இருக்காது, முகமும் இருக்காது. அகாலத்தில் அநியாயமாகச் செத்தவர்களுக்கு அப்படி ஒன்று கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை கொடை என்று விழா எடுத்து, வில்லுப்பாட்டில் அவர்கள் கதையைப் பாடிவிட்டால் சாமியாகிவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது கொடுக்காத சோற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் படைப்போம்.

ஓவர்சியர் போன சில நாட்களில் கல்லின் மேல் செவ்வரளி மாலை கிடந்தது. அப்புறம் ஒரு விளக்கு. அப்புறம் மஞ்சள். சிவப்பு எண்ணைக் குங்குமம் என்றே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பூடம் வந்தாயிற்று, உள்ளே இருப்பது யார் என்றுதான் தெரியவில்லை. இது பெரிய சங்கடம். கதை இல்லாமல் கொடை நடத்த முடியாது, வில்லுப்பாட்டுப் புலவர் எதைப் பாடுவார்? படித்தவர் ஒருவரைக் கேட்டுவிடலாம் என்று ஊர்க்காரர்கள் சிலர் என் கணவரிடம் வந்தார்கள்.

"சாரே, அந்தப் பூடத்துல எழுதியிருக்குதே, அது ஆருக்க பேராக்கும்?"

"பேரு இல்லை. தண்ணி மட்டத்துக்கு உள்ள நம்பர்."

"நம்பரு வெளியில. உள்ளே ஆராக்கும்?"

"உள்ளே செங்கல்லு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாருக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்காரு" என்று ஒருவர் படியிறங்கும்போது சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவரின் முகத்தில் ஒரு வெளிச்சம். "ஒரு பேயை நானே உண்டாக்கப் போறேன். பச்சைப் பொய். ஒரு சொல்லுகூட நெசம் கிடையாது. எத்தனை பேரு அதைக் கண்ணால கண்டேன்னு வாறான், பாரு. எல்லாவனும் பார்த்து முடிச்ச பிறகு, இது நான் கட்டின கதையாக்கும்னு சொல்லுவேன். அன்னைக்கோட இந்த ஊருல பேய்ப் பயம் தீரும்."

"இருக்க பேயி போதாதா? புதுசா ஒண்ணு வேணுமா?" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. கிழங்கைக் குழம்பில் பிசைந்துகொண்டே கதையைக் கட்டினார். சானல் வெட்டின காலத்தில் மண் சுமந்த ஒரு பெண். தலையில் மண் கடவம், அதாவது ஓலைப்பெட்டி. புருஷன் அவளை அடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டான். எதற்காக அடித்தான் என்று கேட்டேன். "அதுக்குக் காரணம் வேணுமா? பக்கத்து வீட்டுல போய்க் கேளு" என்றார். இப்போது அவள் அந்தி நேரத்தில் நனைந்த முண்டோடு கரையில் நடக்கிறாள். கொலுசுச் சத்தம் வேண்டாம், அது எல்லாப் பேய்க்கும் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். மல்லிகைப்பூ வாசமும் வேண்டாம். இவளுக்குத் தாழம்பூ வாசம். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் பூவைப் பற்றி இவ்வளவு யோசித்தவர் இல்லை. பெயர் வைக்கவில்லை, சானல்கரைக்காரி என்றால் போதும் என்றார்.

மறுநாள் சாயாக்கடையில், யாரோ சொல்லித் தான் கேட்டதாக மெதுவாக அவிழ்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முதலில் பால்காரிக்குத் தாழம்பூ வாசம் வந்தது. பிறகு மீன் சுமந்து வந்த ஒருவர் கடவத்தைக் கண்டார், ஆளைக் காணவில்லை. பிறகு ஒருவர் ஆளையே கண்டார், காய்ச்சலில் படுத்தார். என் கணவரின் தலைமையாசிரியர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாத கிறிஸ்தவர். இந்த அஞ்ஞானமெல்லாம் தனக்குக் கிடையாது என்று சிரித்தார். ஆனால் அந்தி மயங்கினால் சானல்கரையை விட்டுவிட்டு, ரோடு சுற்றி வீட்டுக்குப் போகத் தொடங்கினார். நடப்பது உடம்புக்கு நல்லதாம்.

என் கணவருக்கு ஒரே கொண்டாட்டம். ஒவ்வொரு நாளும் வந்து யார் யார் எதைக் கண்டார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிள்ளை முதல் வகுப்பில் தேறியதுபோல. ஒருநாள் மட்டும் முகம் சிவந்து வந்தார்.

"சானல்கரைக்காரி நொண்டுகாளாம்! நான் நொண்டின்னு சொல்லவே இல்லியே. பேய்க்குக் காலே கிடையாதுன்னு சொல்லுகதும் இவனுவதான். காலில்லாதது எப்பிடி நொண்டும்?"

யார் முதலில் சொன்னது என்று தேடிப் பார்த்தார். ஊரில் எல்லாரும் இன்னொருவர் சொல்லிக் கேட்டவர்களாகவே இருந்தார்கள். தன் கதையில் எவனோ கை வைத்துவிட்டான் என்ற ஆத்திரம் அவருக்குத் தீரவே இல்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு அந்தியில் குடையை இடுக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். என்ன என்று கேட்டேன். மழை வரும்போல் இருந்தது என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சட்டையைக் கழற்றி மோந்து பார்த்தார். "சானல்கரையில எங்கேயாவது தாழைமூடு நிக்குதா?" என்று கேட்டார்.

"நீங்கதானே வச்சிய" என்றேன்.

நம்பிக்கை பேயை உண்டாக்குமா என்று பெரிய படிப்பாளிகள் கேட்கிறார்களாம். நம்பிக்கையே வேண்டாம், எதிர்பார்ப்பு போதும் என்று எனக்கு அன்றே தெரிந்துபோயிற்று. வாசம் வரும் என்று மூக்கிடம் சொல்லி வைத்தால் மூக்கு விசுவாசமாக இருந்து வாங்கிக் கொடுத்துவிடுகிறது. அது பத்திரிகை படிப்பதில்லை.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, ஒரு மத்தியானம் வரை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் வியாபாரி சாப்பிட உட்கார்ந்த சத்தம், தட்டைத் தள்ளிய சத்தம், மட்டையை எடுத்த சத்தம். அடுத்து வர வேண்டிய சத்தத்துக்காக என் உடம்பு சுருங்கியது. அது வரவில்லை. அதற்குப் பதிலாக, நான் அறியாத ஒரு தொண்டை.

"ஏலே! ஒருத்தன் தள்ளினான், தண்ணியில கெடந்தேன். நீ ஆருலே ரெண்டாமத்தவன்?"

மதிலைத் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, கருவாட்டுக் கடவத்தைத் தலையில் வைத்து, நொண்டி நொண்டி முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அவன் மட்டையோடு நின்றான். முதலில் மட்டை விழுந்தது, அப்புறம் அவன் விழுந்தான். "தாயே, தெரியாமப் போச்சே" என்று மண்ணில் நெற்றியை வைத்து அழுதான். தெருவே ஓடி வந்தது. இத்தனை காலம் அந்த வீட்டுச் சத்தம் எதுவும் கேட்காத காதுகளுக்கு இது மட்டும் உடனே கேட்டுவிட்டது.

அன்றோடு அடி நின்றது. கோபம் வந்தால் அவன் குழம்பைப் பார்த்துத் திட்டுவான், அவளைப் பார்க்க மாட்டான். சில சமயம் வாய் தவறி அவளை 'நீங்க' என்றும் சொன்னான். அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பூடத்துக்கு விளக்கு வைப்பது, ஓலைப்பந்தல் போடுவது, கொடைக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அவன் பொறுப்பாயிற்று. பக்தியும் குடிக்காத குணமும் ஒன்றுசேர்ந்தால் கேட்கவா வேண்டும்.

ஒருநாள் சானலில் துணி துவைக்கும்போது யாரும் பக்கத்தில் இல்லை. கேட்டேவிட்டேன். "ஏ பிள்ளே, நெசமாவே வாறாளா அவ?"

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "தெரியாது எக்கா. அண்ணைக்கு அவரு கை ஓங்கும்போ எனக்க வயித்துக்குள்ள இருந்து ஒருத்தி எழும்பினா. நானா, அவளான்னு நான் கேக்கல்ல. வந்தாளே, அது போதும்."

கொடைக்கு நாள் குறித்தார்கள். என் கணவரும் நாள் குறித்தார். கொடை அன்று ஊரே கூடியிருக்கும்போது எழுந்து நின்று உண்மையைச் சொல்லப் போவதாக என்னிடம் அறிவித்தார்.

"சொன்னா அவன் மறுபடியும் மட்டையை எடுப்பான்" என்றேன்.

"அடியை நிறுத்தினது பொய்யி. பொய்யில நிக்கது எதுவும் நெலைக்காது. அவளுக்கு வேணும்னா போலீசுல சொல்லலாம்."

"நீங்க போய்க் கேட்டப்போ அவன் பிரம்பைக் காட்டினான், திரும்பி வந்திய. போலீசுல ஆரு போய்ச் சொல்லுவா? உங்க உண்மை போய் அந்த மட்டையைப் பிடிக்குமா?"

"இது கொள்கை. உனக்கு விளங்காது."

எனக்கு நன்றாகவே விளங்கியது. அடி வாங்குவது அவள் முதுகு, கைதட்டு வாங்குவது இவர் கொள்கை. அந்தக் கதை தன்னுடையது என்று நாலுபேர் அறியாமல் போய்விடுமே என்ற தவிப்பும் அதில் கலந்திருந்தது. நொண்டிக் காலை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

மத்தியானக் கொடை. பந்தலில் கூட்டம் நெருக்கியடித்தது. வில்லுப்பாட்டுப் புலவர் வில்லைத் தட்டி, என் கணவர் அடுக்களையில் கட்டின கதையை, அவரே அடையாளம் காணாத அளவுக்கு அலங்காரம் செய்து பாடினார். புருஷன் தள்ளிவிடுகிற இடம் வந்தது. உடுக்கு வேகம் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரி பூடத்தின் முன்னால் கைகூப்பி நின்றாள். சாமி வர வேண்டிய நேரம். அப்போது என் கணவர் எழுந்தார்.

"நிறுத்துங்க! இந்தக் கதை நான் கட்டினது. அது மராமத்துக் கல்லு. சானல்கரைக்காரின்னு ஒருத்தி பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. என் வீட்டுல சோறு தின்னுக்கிட்டே சொன்ன பொய்யி."

உடுக்கு நின்றது. புலவர் மட்டும் பதறவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"சாரே, பொய்யின்னா அந்த நேரத்துல அது உம்ம நாக்குல எப்பிடி வந்தது? இம்புட்டு பேரு கும்பிடுகவனுவ இருக்கும்போ, கும்பிடாத உம்ம நாக்கையில்லியா அவ பிடிச்சா! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பெண்கள் குரவையிட்டார்கள். யாரோ ஓடிப்போய் என் கணவர் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். பேயை ஒழிக்க எழுந்தவர் அதன் முதல் பூசாரியாகிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வியாபாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் குரவையைக் கேட்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கருவாட்டின் உப்பைத் தட்டிவிட்டு உள்ளே அழுகல் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் உள்ளவன். அந்தப் பார்வைதான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உடுக்கு மறுபடி முழங்கியது, அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவன் வாயோரத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு உண்டான கோபத்தை இன்று நினைத்தாலும் உடம்பு சுடுகிறது.

நான் கொண்டையை அவிழ்த்தேன். பூக் கொண்டு வந்த கடவத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்தேன். நொண்டிக்கொண்டே போய் அவன் முன்னால் நின்றேன்.

"ஏலே! என்னைப் பொய்யின்னு சொன்ன வாத்தியாருக்க வீட்டுல இருந்தே எறங்கி வந்திருக்கேன், பாத்தியாலே? அவளுக்க மேல உனக்க விரலு பட்டா, உனக்க வண்டி இந்தச் சானலைத் தாண்டாது!"

அவன் சாஷ்டாங்கமாக விழுந்தான். பேய் இல்லை என்று பத்திரிகை படிக்கிற வீட்டுக்காரிக்கே பேய் பிடித்தபின் அவன் எப்படி நம்பாமல் இருப்பான்? நான் அப்படியே என் கணவர் பக்கம் திரும்பினேன். அவருக்கும் சொல்ல எனக்கு நெடுநாளாகச் சில காரியங்கள் இருந்தன. சந்தர்ப்பத்தை வீணாக்கவில்லை. சொல்லி முடித்தபோது, மாலையும் கழுத்துமாக நின்ற மனிதர் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

நடித்தேனா என்றால், நடித்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கே புதிது. தாழம்பூ வாசமும் வந்தது. யாராவது மாலையில் வைத்துக் கட்டியிருப்பார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீ நடிச்சதுதானே?"

"நீங்கதானே அவளைப் பெத்தது? உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அடுத்த நாள் காலை காப்பியை அவரே போட்டார், எனக்கும் ஒரு தம்ளர் வைத்தார். எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபிறகு புது ஓவர்சியர் ஒருவர் மட்டம் அளக்க வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அளந்துகொண்டு போனார். அவர் எங்கள் பக்கத்துக்காரர்.

ஆனால் கொடைக்கு மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். காப்பியைக் குடித்துவிட்டுச் சானலுக்குப் போனேன். அவள் குடத்தோடு வந்தாள்.

"ராத்திரி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லே எக்கா. மட்டையை அவரே ஒடிச்சு அடுப்புல வச்சாரு." குடத்தைக் கரையில் இறக்கி வைத்தாள். "ஒரு காரியம் சொன்னா கோவப்படப்பிடாது."

"சொல்லு."

"நீங்க இடது காலை நொண்டினிய. அவளுக்கு வலது காலாக்கும்."

முண்டைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு ஒருபக்கமாகக் கோணிச் சேர்ந்திருந்தது. "கல்யாணம் முடிஞ்ச வருசம் ஒடிஞ்சது. வைத்தியர்கிட்ட போகல்ல. நொண்டினா என்னாச்சுன்னு கேப்பாவன்னு மெல்ல நடந்து பழகிட்டேன்."

மாமியார்கள் மெச்சின அந்த அடக்கமான நடை! என் கணவர் ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத ஆளும் இவள்தான். கடவமும் தாழம்பூவும் அவர் கொடுத்தது, நொண்டிக் காலை இவள் கொடுத்திருக்கிறாள்.

"நீங்க பயப்படாதிய. ஆளு மாறினா அவ காலும் மாறும்னு பால்காரிகிட்ட சொல்லிட்டேன். இப்போ ஊருக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெரு வழியாகத் திரும்பிப் போனாள். அன்றைக்கு அவள் மெதுவாக நடக்கவில்லை. எல்லார் கண்ணும் பார்க்க, நன்றாக நொண்டிக்கொண்டே போனாள்.